பூனைவணங்கி

முதுநகர் பள்ளிக்கூடத்தில் செடி விற்கிறார்கள் என்று
மீன் வாங்கப் போன இவர்தான் வந்து சொன்னார்.
சங்கரா கிடைக்கவில்லையாம்,
இந்தத் துண்டுச்சீட்டு கிடைத்ததாம்.

நான் ஏற்கெனவே
மூன்று ரோஜாக்களைக் கொன்றவள்.
துளசி ஒன்றும் கணக்கில் உண்டு,
அதை வெளியில் சொல்வதில்லை.
மாடியில் தொட்டி வைத்தால் ஒழுகும் என்று
வீட்டுக்காரர் குணசீலன்
வாடகை ரசீதின் பின்பக்கத்திலேயே
எழுதிக் கொடுத்திருக்கிறார்.
இருந்தும் போனேன்.
ஞாயிற்றுக்கிழமையை
எதையாவது செய்துதான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

கொடிமரத்தைச் சுற்றி பெஞ்சுகள்.
பால் பாக்கெட்டில் கத்தரி நாற்று,
பெயின்ட் டப்பாவில் கற்றாழை,
கண்ணாடி போன ஒரு ஹெல்மெட் நிறைய
பத்துமணிப் பூ.
சிறப்பு விருந்தினர் இன்னும் வரவில்லை.
பூ நேரத்துக்கு விரிந்திருந்தது.

செம்பருத்தி எழுபது என்றார் சத்துணவு அமைப்பாளர்.
ஐம்பதுக்குக் கேட்டேன்.
கை பழக்கம் மாதிரி இது வாய்ப் பழக்கம்.
அவர் பேரம் பேசவில்லை,
திரும்பிக் குழாயடியைக் காட்டினார்.
வாயில் துணி கட்டிய குழாய்.
மோட்டார் எரிந்து நாற்பது நாளாம்.
"பின்ன இத்தனைச் செடிக்கும் ஏது தண்ணி?"
"சாயங்காலம் பெல் அடிச்சதும்
பிள்ளைங்க பாட்டில்ல மிச்சம் இருக்கிறத
ஊத்திட்டுப் போவாங்க."

முந்நூறு பாட்டில்களின் அடித்தண்ணீர்.
பையின் சூட்டில் வெதுவெதுத்து,
எலுமிச்சை வாசனை கொஞ்சம்,
எச்சில் கொஞ்சம்,
எப்போதாவது ஒரு சோற்றுப் பருக்கை.
எழுபதை எண்ணிக் கொடுத்தேன்.
கூடக் கொடுக்கத் தோன்றியது.
கொடுக்கவில்லை.

கடைசி பெஞ்சில் தாஹிரா, ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
எல்லாம் விற்று ஒன்றுதான் மிச்சம்:
சாக்கடை மேட்டிலும் சுவர் வெடிப்பிலும்
யாரும் நடாமல், யாரும் கேட்காமல்
தானே முளைக்கிற அது.
உடைந்த சிலேட்டில் பெரிய எழுத்தில்
பூனைவணங்கி, ரூ. 20.

"இது குப்பைமேனி இல்ல?"
"அது அதோட இன்னொரு பேரு."
"..."
"சிரங்குக்கு அரைச்சுப் போடலாம் ஆன்ட்டி."
"எனக்குச் சிரங்கு இல்ல."
"பூனை இருக்கா?"
"இல்ல."
கொஞ்சம் யோசித்தாள்.
"வரும்."

கார்பன் தாள் வைத்து ரசீது போட்டாள்.
மங்கையர்க்கரசி என்று
முழுப் பெயரையும் எழுதினாள்,
வங்கியில் எல்லோரும் விழுங்கிவிடுகிற
அந்த 'ர்' உட்பட.

மஞ்சக்குப்பம் வரை மடியில் இரண்டு செடிகள்.
கண்டக்டர் செம்பருத்தியைப் பார்த்தார்.
மற்றதைப் பார்த்தார்.
"இதையுமா காசு குடுத்து?"
ரசீதைக் காட்டினேன்,
சந்தேகப்பட்டவரிடம் கல்யாணப் பத்திரிகை காட்டுவதுபோல.

செம்பருத்தி பதினோராம் நாள் போய்ச் சேர்ந்தது.
தண்ணீர் ஊற்றியது நான்தான்,
மோட்டார் தண்ணீர், வேளை தவறாமல்.
குப்பைமேனிக்கு ஒன்றும் ஆகவில்லை.
மறந்த நாளிலும் ஒரு இலை கூட விட்டது.

நேற்று விடியற்காலையில் உருளும் சத்தம்.
தொட்டி கவிழ்ந்து கிடக்க,
வேரைப் பல்லில் கவ்வி
கண் சொருகி,
பெயருக்கேற்றபடி தலையைத் தரையில் வைத்து
காது கிழிந்த ஒரு சாம்பல் பூனை.
விரட்டத்தான் போனேன்.
பாட்டிலில் அடியில் கொஞ்சம் இருந்தது,
மூடியில் ஊற்றி வைத்துவிட்டு வந்தேன்.

ஒழுகுகிறதா என்று பார்க்க
மேலே வந்த குணசீலன்
பூனையைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
உள்ளே போய்
வாடகை ரசீதை எடுத்துப் பின்பக்கம் புரட்டினேன்.

பூனை பற்றி அதில் ஒன்றுமில்லை.